ஸ்பானிஷ் மக்களோடு திருப்பலி: அமெரிக்கப் பணிக்கு வரும் தமிழ்க் குருக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு மறைமாவட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் பணிக்கு வரும் குருக்களில் பலருக்கு, ஞாயிறு ஆங்கிலத் திருப்பலிகள் முடிந்ததும் மதியம் ஸ்பானிஷ் திருப்பலி ஒன்றும் இருக்கிறது என்பது இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது. நானும் அப்படி வந்தவன்தான். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இது ஆங்கிலம் பேசும் நாடு. வந்தவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே? எதற்குத் தனியாக ஸ்பானிஷ் திருப்பலி?

முதலில், எல்லாரும் வந்தவர்கள் இல்லை. புளோரிடாவில் செயிண்ட் அகஸ்டின் என்ற ஊரில் 1565லேயே ஸ்பானியர்கள் திருப்பலி நிறைவேற்றினார்கள். அமெரிக்கா என்ற நாடு பிறக்க அப்போது இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா எல்லாம் மெக்சிகோவின் நிலமாக இருந்தவை. போருக்குப் பின் 1848இல் ஒப்பந்தம் போட்டு எல்லைக்கோட்டைத்தான் நகர்த்தினார்கள், மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள் இந்நாட்டில் 6 கோடியே 21 லட்சம் பேர், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அவர்களுக்கான பணி நடக்கும் கத்தோலிக்கப் பங்குகள் 4,358 என்று பாஸ்டன் கல்லூரி 2014இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. இவ்வளவு இருந்தும் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர் ஒருவர் ஆயராக 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெக்சஸில் பண்ணைக் கூலிகளின் குடும்பத்தில் பிறந்த பத்ரிசியோ ஃபுளோரஸ்தான் அந்த முதல் ஆயர்.

ஆங்கிலம் கற்றுக்கொள்கிறார்கள், பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவு வகுப்புக்குப் போகிறவர்களை நானே பார்க்கிறேன். ஆனால் கடையில் பேசும் மொழி வேறு, பிள்ளை செத்துப்போனால் அழும் மொழி வேறு. நோயில்பூசுதலுக்காக மருத்துவமனைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள்.

எனக்கு ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாது, ஃபாதர். எவ்வளவு தெரிந்தால் திருப்பலி நிறைவேற்றலாம்?

திருச்சபைச் சட்டம் 928 கேட்பது, மொழி எதுவானாலும் முறையாக அங்கீகரிக்கப்பட்ட பாடமாக இருக்க வேண்டும் என்பதைத்தான். அமெரிக்க ஆயர் பேரவையின் ஸ்பானிஷ் திருப்பலிப் புத்தகம் 2018 திருவருகைக்காலம் முதல் கட்டாயமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அதற்கு முன் மெக்சிகோ புத்தகம், ஸ்பெயின் புத்தகம் என்று கையில் கிடைத்ததை வைத்து ஓட்டினார்கள். சக்ரீஸ்து அறை அலமாரியில் பழையது கிடந்தால் எடுக்காதீர்கள், மக்களின் பதிலுரை பிசகும்.

வாசிப்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கடினம் இல்லை. நம் நாக்குக்கு ஸ்பானிஷ் ஆங்கிலத்தைவிட எளிது. ஐந்தே உயிரொலிகள், எழுதியபடியே வாசிப்பு. அமெரிக்கர்கள் திணறும் ஒலி ஒன்று நம் ஞகரம்தான். ரகரமும் றகரமும் வேறுபடுத்திப் பேசிப் பழகியவருக்கு ஸ்பானிஷின் இரண்டு ரகரங்களும் தானாக வரும். உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் தகரம் மெலிவதும் தமிழில் இருப்பது போலவே. நமக்குச் சிரமம் தருவது இலக்கணப் பால்: மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

மறையுரைதான் மலை. முதல் ஆண்டு முழுக்க எழுதி வாசியுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். எழுதியதை வெள்ளிக்கிழமையே பங்கில் ஒரு மறைக்கல்வி ஆசிரியையிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். இணையத்தில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். மக்கள் மரியாதைக்காகப் பேசாமல் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் யாரோ எழுதியதை யாருக்கோ வாசிக்கிறார் என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். திருத்திக் கொடுத்த அந்த அம்மாவோ உங்கள் மறையுரையைத் தன் மறையுரையாகவே கேட்பார். அந்த உறவு எந்த மொழிப் பள்ளியிலும் கிடைக்காது.

பள்ளிக்குப் போக முடிந்தால் கட்டாயம் போங்கள். சான் அன்டோனியோவில் 1972இல் தொடங்கிய மெக்சிகன் அமெரிக்கன் பண்பாட்டு மையம், இப்போது கத்தோலிக்கக் கல்லூரி, இதற்காகவே வளர்ந்தது. பொலிவியாவின் கோச்சபாம்பாவில் மேரினோல் சபையார் நடத்திய மொழிப் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் குருக்கள் கற்றார்கள். 1950களிலேயே நியூயார்க் பேராயம் தன் இளம் குருக்களைப் போர்ட்டோ ரிக்கோவின் போன்சே நகருக்கு அனுப்பியது. வகுப்பறையில் மட்டும் உட்கார வைக்காமல் அந்த மக்களின் ஊர்களிலும் இருக்க வைத்தார்கள், அதுதான் சரியான முறை. சிகாகோவில் பிறந்த ராபர்ட் பிரிவோஸ்ட் பெரு நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றி, பிறகு சிக்லாயோ மறைமாவட்டத்தின் ஆயரானார். 2025 மே 8 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவாக மாடத்தில் வந்து நின்றபோது இத்தாலிய மொழிக்கு நடுவே ஸ்பானிஷில் தன் சிக்லாயோ மக்களை வாழ்த்தினார். அந்த முதல் உரையில் தாய்மொழியான ஆங்கிலத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

பாவசங்கீர்த்தனம் கேட்க பயமாக இருக்கிறது. புரியாவிட்டால்?

நியாயமான பயம். மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒப்புரவு செய்யச் சட்டம் 990 இடம் தருகிறது, அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் யாரையும் அப்படிச் செய்யச் சொல்லி வற்புறுத்த முடியாது, சின்ன ஊரில் யாரும் விரும்பவும் மாட்டார்கள். பக்கத்துப் பங்கில் ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்த குரு இருந்தால் திருவருகைக்காலத்திலும் தவக்காலத்திலும் அவரை அழையுங்கள். மற்ற நாட்களில், உங்களுக்குக் கொஞ்சம்தான் புரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். மெதுவாகப் பேசுவார்கள், அவர்களுக்கு அதில் வருத்தம் இல்லை.

ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதானே?

இந்த எண்ணத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். ஒரே ஞாயிற்றுத் திருப்பலியில் பத்து நாட்டவர் இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் அன்னை, ஒரு தேதி, ஒரு சாப்பாடு. மெக்சிகோகாரர்களுக்கு டிசம்பர் 12, குவாதலூப்பே அன்னை. கியூபாகாரர்களுக்குக் கோப்ரேயின் கரிதாத் அன்னை, செப்டம்பர் 8. டொமினிக்கன் மக்களுக்கு அல்தகிராசியா அன்னை, ஜனவரி 21. குவாத்தமாலாகாரர்களுக்கு எஸ்கிப்புலாஸின் கறுப்புக் கிறிஸ்து, ஜனவரி 15. பெருகாரர்கள் அக்டோபர் முழுக்க ஊதா உடுத்தி, அற்புதங்களின் ஆண்டவர் படத்தைத் தோளில் சுமந்து வீதி வலம் வருவார்கள். எல் சால்வதோர்காரர்கள் புனித ஓஸ்கார் ரொமேரோவின் படத்தைக் கொண்டுவந்து பீடத்தருகே வைக்கச் சொல்லுவார்கள். திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே 1980 மார்ச் 24 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர், 2018இல் புனிதராக உயர்த்தப்பட்டார். பங்கில் மெக்சிகோகாரர்கள் பெரும்பான்மை என்பதற்காக எல்லாவற்றையும் குவாதலூப்பே ஆக்கிவிட்டால் மற்றவர்கள் சத்தமில்லாமல் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்கு முதலில் சொல்லமாட்டார்கள். ஸ்பானிஷ் திருப்பலிக்கு வருகிற சிலருக்கு ஸ்பானிஷ் தாய்மொழியே இல்லை. குவாத்தமாலா மலைகளிலிருந்து வந்தவர்கள் கிச்சே, மாம், கஞ்சோபால் பேசுவார்கள். மெக்சிகோவின் வஹாக்காவிலிருந்து வந்தவர்கள் மிஸ்தெக் அல்லது சப்போத்தெக் பேசுவார்கள். ஸ்பானிஷ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மொழி, அதிகாரியின் மொழி. மறைக்கல்வி வகுப்பில் ஒரு தாய் பேசாமலே உட்கார்ந்திருந்தால் அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். திருச்சபையே இதை மெதுவாகத்தான் உணர்ந்துவருகிறது: திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்துக்குப் போய் அந்த மக்களின் மொழிகளும் ஒலித்த திருப்பலியை நிறைவேற்றினார், 2024 நவம்பரில் அங்குள்ள சான் கிறிஸ்டோபல் மறைமாவட்டத்துப் பழங்குடி மக்களுக்கான சில வழிபாட்டுத் தழுவல்களை வத்திக்கான் ஏற்றது.

டிசம்பர் 12 விடியற்காலை நான்கு மணிக்கு ஆலயத்தைத் திறக்கச் சொல்கிறார்கள். திறக்க வேண்டுமா?

திறங்கள். இசைக்குழு வரும், அன்னைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள், இறகு சூடிய நடனக்காரர்கள் ஆலயத்துக்குள்ளேயே ஆடுவார்கள், குளிரில் சூடாகச் சோளக்கஞ்சி ஊற்றிக் கொடுப்பார்கள். வேலைக்குப் போகுமுன் வந்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள், அதனால்தான் அந்த நேரம். 1531இல் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதரிடம் அவருடைய நவாத்தில் மொழியிலேயே அன்னை பேசினார் என்பதுதான் இந்தப் பக்தியின் உயிர். நிலம் பிடுங்கப்பட்ட மக்களிடம், பிடுங்கியவர்களின் மொழியில் வராமல், அவர்கள் மொழியில் வந்த அன்னை. சிகாகோவுக்கு அருகே டெஸ் பிளெய்ன்ஸ் திருத்தலத்தில் டிசம்பர் 11, 12 ஆகிய இரு நாட்களில் லட்சக்கணக்கானோர் பனியில் கூடுகிறார்கள். எச்சரிக்கை மணி அமைப்பை அணைத்துவைக்க மட்டும் மறக்காதீர்கள்.

பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் திருமணம் போல விழா, திருமணத்தில் பதின்மூன்று காசு, கழுத்தில் கயிறு. இதெல்லாம் திருச்சபைச் சடங்கா, நாம் மறுக்கலாமா?

மறுக்காதீர்கள். பதினைந்தாம் பிறந்தநாள் ஆசீருக்கென்றே அமெரிக்க ஆயர்களின் சடங்குமுறை இருக்கிறது, 2007இல் வத்திக்கான் அதை உறுதிசெய்தது. காசும் கயிறும் அமெரிக்கத் திருமணச் சடங்குநூலின் 2016 பதிப்பிலேயே விருப்பச் சடங்குகளாக இடம்பெற்றிருக்கின்றன. பூப்புநீராட்டு வீடுகளில் வளர்ந்த நமக்கு, ஒரு பெண்பிள்ளை வளர்ந்ததை ஊர்கூடிக் கொண்டாடுவது புதிதும் இல்லை. ஆடம்பரத்துக்குக் கடன் வாங்குகிறார்கள் என்ற கவலை எனக்கும் உண்டு, ஆனால் அதை ஆசீர் கேட்டு அலுவலகத்துக்கு வந்த நாளில் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளையோடு முன்கூட்டியே சில மாதம் உட்கார்ந்து பேச வாய்ப்புக் கிடைத்திருக்கிறதே என்று பாருங்கள். ஆங்கிலத்தில் கனவு காணும், ஸ்பானிஷில் திட்டு வாங்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளை தானாக உங்கள் கதவைத் தட்டும் நேரம் வேறு எப்போது வரும்?

படம், மெழுகுவத்தி, தண்ணீர், கார் எல்லாவற்றையும் மந்திரித்துத் தரச் சொல்லுவார்கள். இதைத் தமிழ்ப் பங்கிலிருந்து வந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இருமொழித் திருப்பலியை எப்படி நடத்துவது? எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். இரண்டு முறை சொன்னால் நேரம் இரட்டிக்கும், ஒரு பாதி பேசும்போது மறுபாதி கைபேசியைப் பார்க்கும். முதல் வாசகம் ஒரு மொழியில், இரண்டாம் வாசகம் இன்னொரு மொழியில், மற்ற மொழிப் பாடம் கையில் தாளாக இருக்கட்டும். பதிலுரைப் பாடலில் பல்லவி இருமொழி, சரணம் மாறி மாறி. நற்கருணை மன்றாட்டை ஒரே மொழியில் சொல்லுங்கள், வரிக்கு வரி மொழி மாற்றி அதைச் சிதைக்காதீர்கள். ஆண்டவர் கற்பித்த செபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லட்டும், அந்த இரைச்சல் அழகாகவே இருக்கும். மறையுரையை மொழிபெயர்க்கக் கூடாது. ஒரு மொழியில் ஒரு கருத்தைத் தொடங்கி மற்ற மொழியில் அதை வளர்த்துக்கொண்டு போனால் இரு தரப்பும் விழித்திருக்கும். இது பழக்கத்தில் வரும், முதல் சில முறை தடுமாறும்.

யாருக்கு அதிக இடம் என்ற மனக்கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்த்த பெரும்பாலான இருமொழித் திருப்பலிகளில் உண்மையில் நடப்பது ஆங்கிலத் திருப்பலிதான், நடுவில் ஒரு ஸ்பானிஷ் பாட்டு, காணிக்கைப் பவனியில் ஊர் உடையில் நான்கு குழந்தைகள். அதைவிட இரண்டு தனித் திருப்பலி நேர்மையானது. இரு பாடற்குழுவும் ஒன்றாகப் பயிற்சி எடுக்காமல் இருமொழித் திருப்பலி வைக்காதீர்கள். உண்மையான ஒன்றிப்பு அந்தப் பயிற்சி நடக்கும் வியாழக்கிழமை இரவில்தான் தொடங்குகிறது. ஒருவர் தாளத்தை இன்னொருவர் பிடிக்க முடியாமல் சிரித்து, காப்பி குடித்து, பிள்ளைகளின் பெயர் தெரிந்துகொண்டு போவார்கள்.

புனித வாரத்தில் உங்களுக்கு வேறு வழியும் இல்லை. பாஸ்கா திருவிழிப்பை ஒரு பங்கில் ஒருமுறைதான் கொண்டாடுகிறோம், அதனால் எல்லா மொழியினரும் ஒரே நெருப்பைச் சுற்றித்தான் நிற்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத் தவக்காலத் தொடக்கத்திலேயே தயாரிப்பு தொடங்குங்கள். பெரிய வெள்ளி வீதிச் சிலுவைப்பாதையை மட்டும் ஸ்பானிஷ் மக்களிடமே விட்டுவிடுங்கள். சிகாகோவின் பில்சன் பகுதியில் 1977 முதல் நடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

எல்லாரையும் ஒரே திருப்பலிக்குக் கொண்டுவந்தால்தானே ஒற்றுமை?

ஆங்கிலக்காரர்கள் இதை நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஜெர்மானியரும் போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்த காலத்தில் அவரவர் மொழிக்கென்று தனிப் பங்குகள் கிடைத்தன, ஆலயம் அவர்கள் கட்டியது, சாவியும் அவர்கள் கையில். 1940, 50களில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் நியூயார்க்குக்கு வந்தபோது அந்த வழி பெரும்பாலும் மூடப்பட்டிருந்தது. இருக்கும் பங்கிலேயே சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள், ஒற்றுமையின் பெயரில்தான். ஆனால் பல ஆலயங்களில் அவர்களுக்குக் கிடைத்தது கீழே இருந்த நிலவறைக் கூடம். மேலே பெரிய பீடம், கீழே அவர்கள்.

இன்று நிலவறை இல்லை, மதிய வெயிலில் ஒரு திருப்பலி நேரம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது மொழியைவிட இதுதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஸ்பானிஷ் பேசுவார்கள், பங்குப் பேரவையில் ஒருவர்கூட இருக்கமாட்டார். கூட்டம் ஆங்கிலத்தில், வேலை நாளில், மாலை ஐந்து மணிக்கு. கூடம் வேண்டுமென்றால் ஆங்கிலப் படிவம். திருமுழுக்குக்கு ஞானப்பெற்றோர் கடிதம் வேண்டுமென்றால் பங்கில் பதிவு செய்து காணிக்கை உறையும் போட்டிருக்க வேண்டும் என்பார்கள். சொந்த ஊரில் பங்கில் பதிவு என்ற ஒன்றையே கேள்விப்படாதவர்கள், உறை இல்லாமல் கையில் உள்ளதைத் தட்டில் போடுகிறவர்கள், இரண்டாம் முறை கேட்க வரமாட்டார்கள். நீங்கள் ஸ்பானிஷில் கவிதை போல மறையுரை ஆற்றினாலும், நிதிக்குழுவில் அவர்களுக்கு இடமில்லை என்றால் அவர்கள் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். அதனால் ஸ்பானிஷ் சுமாராக வரும் ஆரம்ப நாளிலேயே இதில் கைவையுங்கள்: பேரவைக் கூட்டத்தின் நேரத்தை மாற்றுங்கள், அலுவலக முன்மேசையில் இருமொழி தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள், கூடத்தின் சாவியை அவர்கள் தலைவர் ஒருவரிடம் கொடுங்கள். எதிர்ப்பு வரும். தாத்தா காலத்திலிருந்து அந்த ஆலயத்தைக் காத்த ஆங்கிலக்காரர்களின் வருத்தத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவர்களும் எதையோ இழக்கிறார்கள்.

பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். இன்னும் பத்து ஆண்டில் ஸ்பானிஷ் திருப்பலி தேவைப்படுமா?

தேவைப்படும். ஆனால் பிள்ளைகள் இருப்பார்களா என்பதுதான் கேள்வி. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், தங்களைக் கத்தோலிக்கர் என்று சொன்ன லத்தீன் அமெரிக்க வழிவந்த பெரியவர்கள் 2010இல் 67 விழுக்காடு, 2022இல் 43 விழுக்காடு. சிலர் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போனார்கள், அதிகம் பேர் எங்குமே போகவில்லை. இளையோர் குழுவை ஆங்கிலத்தில் நடத்துங்கள், பாட்டு ஸ்பானிஷிலும் இருக்கட்டும், கலந்து பேசினால் திருத்தாதீர்கள்.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, லுத்தரன் சபை. எங்கள் கட்டிடத்தில் மதியம் ஒரு ஸ்பானிஷ் சபை கூடுகிறது. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும். வடஅமெரிக்காவில் தமிழ்ச் சபைகள் பலவும் அதே போல ஆங்கிலச் சபையின் கட்டிடத்தில் மதியம் கூடுகிறவைதான், ஆகவே வாடகைக்காரரின் மனநிலை உங்களுக்கே தெரியும். பாத்திரம் கழுவவில்லை, ஒலிபெருக்கி சத்தம் என்று குறிப்புச் சீட்டு ஒட்டுவதோடு உறவு நின்றுவிடக் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து திருவிருந்து எடுங்கள். பாட்டுக்குக் குறையில்லை: லுத்தரன் திருச்சபையின் ஸ்பானிஷ் வழிபாட்டு நூல் 1998இலும் மெத்தடிஸ்டுகளின் ஸ்பானிஷ் பாடல்நூல் 1996இலும் வந்தன. வாசிக்கும்போது ரெய்னா-வலேரா வேதாகமம் வையுங்கள். 1569இல் தொடங்கிய மொழிபெயர்ப்பு, அதன் 1960 திருத்தத்தை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள்.

குடியேற்றச் சோதனை பயத்தில் மக்கள் வருவது குறைந்துவிட்டது. குரு என்ன செய்ய முடியும்?

ஆலயங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கும் பழைய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் அரசு விலக்கிக்கொண்டது. ஜூலையில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஆயர் அல்பெர்ட்டோ ரோஹாஸ், அஞ்சி வர முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக் கடனிலிருந்து விலக்கு அளித்தார். ஓர் ஆயர் அப்படி எழுத வேண்டிய நிலை என்பதை நினைத்தாலே மனம் கனக்கிறது. சட்ட ஆலோசனை நீங்களாகச் சொல்லாதீர்கள், மறைமாவட்டத்தின் கத்தோலிக்க உதவி அமைப்புக்கு வழிகாட்டுங்கள். நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். யாரிடம் குடியேற்றக் காகிதம் இருக்கிறது என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள். பெற்றோர் பிடிபட்டால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க ஒரு வழக்கறிஞரை அழைத்துக் கூட்டம் போடலாம். 2023இல் வாஷிங்டன் துணை ஆயரான எவெலியோ மென்ஹிவார் எல் சால்வதோரிலிருந்து காகிதமில்லாமல் வந்தவர்தான்.

உங்கள் சொந்த விசாவையும் பாருங்கள். மறைப்பணியாளர் விசா மொத்தம் ஐந்து ஆண்டுதான், பச்சை அட்டை வரிசையோ 2023க்குப் பிறகு மிக நீண்டுவிட்டது. வந்த முதல் ஆண்டிலேயே மறைமாவட்ட அலுவலகத்தை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் இங்கே வாழும் தமிழ்க் குடும்பம். ஸ்பானிஷ் தெரியாது. எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

செப்டம்பர் 8. உங்களுக்கு வேளாங்கண்ணித் திருவிழா, அதே நாளில் கியூபாகாரர்களுக்குக் கரிதாத் அன்னை விழா. இரண்டுக்கும் தனித்தனியாகக் கூடத்தை முன்பதிவு செய்ய அலுவலகத்தில் சண்டை போடுவதைவிட, அந்தக் குழுத் தலைவியைத் தேடிப்போய்ச் சேர்ந்து நடத்தலாமா என்று கேளுங்கள். வாஷிங்டனில் உள்ள அமல உற்பவ அன்னை தேசியத் திருத்தலப் பேராலயத்தில் குவாதலூப்பே அன்னைக்கும் சிற்றாலயம் உண்டு, ஆரோக்கிய அன்னைக்கும் 1997 முதல் உண்டு, ஒரே கூரையின் கீழ். உங்கள் பங்கில் இடம் குறைவென்றால் ஒரே மேசை போதும். அவர்கள் சூரியகாந்திப் பூ கொண்டுவருவார்கள், நீங்கள் மல்லிகை கிடைத்தால் கொண்டுபோங்கள். செபமாலையில் ஒரு பத்து மணி ஸ்பானிஷ், ஒரு பத்து மணி தமிழ். ஆகஸ்டு முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள், செப்டம்பர் வந்தால் மறைக்கல்வி வகுப்புகள் தொடங்கிக் கூடம் கிடைக்காது.